அம்பலம் ஏறாத சொல்

எனக்குச் சொல்லாராய்ச்சி பிடிக்கும். சொல்லாராய்ச்சிக்காரர்களைக் கண்டால்தான் கொஞ்சம் பயம். அப்படிப்பட்ட ஒருவரோடு தீர்த்தமலைப் படிகளில் ஏறுகிற பாக்கியம் சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்தது. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று அவர் மூச்சு வாங்குவார். நின்ற நேரத்தை வீணாக்காமல் ஒரு சொல்லைப் பிடித்துத் தோலுரிப்பார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நல்ல மனிதர், என் நண்பர். ஆகவே பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

"பாருங்கள், இந்த ஊர்ப் பெயரிலேயே பாதி நமக்குச் சொந்தமில்லை. மலை தமிழ், தீர்த்தம் வடமொழி. கடத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஆற்றைக் கடக்கிற இடம், இறங்குதுறை என்பது முதல் பொருள். புனித நீர் என்பது அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது" என்றார்.

அடிவாரத்தில் தேங்காயும் கற்பூரமும் விற்கிற அம்மாள் இதைக் கேட்டுக் கொண்டிருந்தாள். "அப்படியில்லீங்க ஐயா. நோயைத் தீர்த்த மலை, வினையைத் தீர்த்த மலை. அதனாலதான் தீர்த்த மலை" என்று தட்டை நீட்டினாள்.

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இராம தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று ஐந்தைச் சுமந்து நிற்கிற மலைக்கு நண்பர் சொன்னதுதான் சரியான வரலாறு; மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. 'தீர்த்த' என்பது அசல் தமிழ்ப் பெயரெச்சம். வந்த சொல்லை வீட்டுக்குள் அழைத்து, நம் பாயில் உட்காரவைத்து, நம் பிள்ளையாகவே ஆக்கிவிட்டாள். சொல்லுக்குப் பிறந்த ஊர் ஒன்று, வாழ்க்கைப்பட்ட ஊர் ஒன்று. வாழ்க்கைப்பட்ட ஊரை ஆராய்கிறவர்கள் நம்மில் குறைவு.

நண்பர் சொன்ன 'துறை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தீர்த்தம் என்பதற்கு அச்சு அசலான தமிழ்ச் சொல் அது. ஆற்றில் இறங்கவும் கடக்கவும் வழியுள்ள இடம். இன்று பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை என்று சர்க்கார் இலாகாக்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். கடப்பதற்கென்று இருந்த சொல், எளிதில் கடக்க முடியாத இடங்களுக்குப் பெயராகிவிட்டது. நல்ல தூய தமிழ்ச் சொல்தான். அதனால் ஊருக்கு என்ன லாபம்?

இந்தச் சண்டை மலையில் முளைத்ததல்ல. முந்தின நாளே முளைத்தது. அன்று அக்டோபர் 2. அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு வருகிற வட்டாரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே நடந்தது அங்கே மட்டும் நடப்பதல்ல. நண்பரின் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபைக் கூட்டம். வேடிக்கை பார்க்கப் போனோம்.

கூட்டம் பதினொரு மணிக்கு என்று அறிவிப்பு. பன்னிரண்டாகியும் தொடங்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த பெரியவரைக் கேட்டேன். "கோரம் வரணுங்களாம். அதுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார். கோரம் என்றால் என்ன என்று கேட்டேன். "தெரியலீங்க. பெரிய ஆபீஸர் யாராச்சும் இருக்கும்" என்றார்.

வாசகர்களே, சிரிக்காதீர்கள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தபின் வெட்கப்பட்டேன். பெரியவர் சொன்னது ஏறக்குறைய சரி! 'கோரம்' என்பது லத்தீன் சொல். 'எவர்களுள்' என்று பொருள். இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட்டுகளை நியமிக்கிற பழைய அரசாணைகளில் ஒரு வாசகம் வரும்: இத்தனை பேரை நியமிக்கிறோம், எவர்களுள் இன்னார் ஒருவராவது இருந்தே தீரவேண்டும் என்று. அந்த 'எவர்களுள்' என்ற வார்த்தையே அந்த முக்கியஸ்தர்களுக்குப் பட்டப் பெயராகிவிட்டது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்கு அது வந்தது பிற்பாடு. முதலில் குறித்தது, யார் வந்தால் கூட்டம் கூட்டமாகுமோ அந்தப் பெரிய மனிதரை. தர்மபுரி ஜில்லாவில் வேப்பமரத்தடியில் குந்தியிருந்த கிழவர், லத்தீன் தெரியாமல், அந்தச் சொல்லின் பூர்விகத்தைத் தொட்டுவிட்டார்.

சட்டம் சொல்வது எண்ணிக்கையைத்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அதன் கீழ் அமைந்த விதிப்படி, மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வரவேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். சர்க்கார் தமிழில் இதற்குக் 'குறைவெண் வரம்பு' என்று பெயர். நண்பருக்கு இந்தச் சொல்லில் ஏகப்பட்ட பெருமை. அழகான சொல்தான். அந்தப் பெரியவரிடம் போய்க் "குறைவெண் வரம்பு நிறைவுறவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கோரத்துக்கு ஆபீஸர் என்றாவது ஒரு பொருள் அவரிடம் இருந்தது. இதற்கு அதுவும் இராது.

நண்பருக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 'சபை' என்ற சொல்லே ஆகாது, 'அவை' என்று எழுதவேண்டும் என்பார். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் இருக்க, கிராமத்துக்கு எதற்குச் சபை என்பது அவர் கட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியோ, அவை என்பதே சபையிலிருந்து வந்ததுதான் என்கிறது. தமிழிலிருந்துதான் அங்கே போயிற்று என்பார் உளர். இந்த வழக்கு நம் காலத்தில் தீராது. சிதம்பரத்தில் ஆடுகிறவருக்கே சபாநாயகர் என்றுதான் திருநாமம். கோட்டையில் அதே பெயரைப் பேரவைத் தலைவர் என்று மாற்றினார்கள். ஜனங்கள் இன்னும் சபாநாயகர் என்றே சொல்கிறார்கள். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். கனம் போய் மாண்புமிகு வந்தது. அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். இரண்டுக்கும் ஆசைப்படுகிறவர் என்றே பொருள். ஆங்கிலத்துக் 'கேண்டிடேட்' மட்டும் வேறு ஜாதி. வெள்ளை உடுத்தியவர் என்று அர்த்தம். பழைய ரோமில் பதவிக்கு நிற்கிறவர் வெள்ளை வெளேர் என்று அங்கி உடுத்திக்கொண்டு ஓட்டுக் கேட்டாராம். நம்மவர் வேட்டியை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமலே விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

போகட்டும், கூட்டத்துக்கு வருவோம். எண்பது பேர் இருக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பெரும்பாலோர். ஊராட்சிச் செயலர் ஒரு நீண்ட நோட்டைத் திறந்து மளமளவென்று படித்தார். கூட்டப் பொருள் ஒன்று, கூட்டப் பொருள் இரண்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஏக மனம் என்றால் ஒரே மனம். அங்கே இருந்தது அவருடைய மனம் ஒன்றுதான் என்கிற அளவில் அந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது.

அப்போது ஒரு கிழவி எழுந்தாள். "ஏப்பா கிளார்க்கு, எங்க தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணி எப்ப வரும்?" என்றாள்.

"அது கூட்டப் பொருள்ல இல்ல, ஆயா."

"பொருளா? என்ன பொருள் குடுக்கறீங்க? எனக்குப் பொருள் வேணாம்ப்பா. தண்ணி குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவளுக்குப் பின்னால் நின்ற பேரப்பிள்ளையும் சிரித்தான். அவன் பற்கள் பழுப்பேறி இருந்தன. தர்மபுரி மண்ணின் அடியில் ஊறும் நீரில் புளோரைடு அதிகம். பல்லைக் கறையாக்கும்; வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் கோடிக்கணக்கில் செலவு செய்து, காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். ஐந்து தீர்த்தம் உள்ள மலையின் நிழலில் குடிக்கிற நீரைப் பற்றிக் கேட்க எழுந்தவளை, 'பொருள்' என்ற ஒரு சொல் உட்காரவைத்துவிட்டது.

'அஜெண்டா' என்ற சொல்லும் லத்தீன்தான். செய்ய வேண்டியவை என்று பொருள். அவள் கேட்டது செய்ய வேண்டியதா, இல்லையா? சொல்லின் பொருள்படி பார்த்தால் அவள் வார்த்தைதான் அஜெண்டா. செயலர் கையில் இருந்தது வெறும் காகிதம்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த நோட்டைப் பார்க்கக் கேட்டேன். செயலர் மரியாதையாகவே காட்டினார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. மேலிடத்திலிருந்து வந்த வாசகத்தை அவர் படித்தார், அவ்வளவுதான். கையெழுத்துப் பக்கத்தில் பாதி காலி. "கோரத்துக்கு மிச்சக் கையெழுத்தை நாளைக்கு வேலை நடக்கிற இடத்திலே வாங்கிடுவோம் சார்" என்றார். 'முன்மொழிபவர்', 'வழிமொழிபவர்' என்று இரண்டு கட்டங்கள். அவையும் காலி. வழிமொழிதல் என்பது எவ்வளவு அருமையான சொல்! வழி என்றால் பின் என்று பொருள். வழித்தோன்றல், வழிநூல் என்கிறோமே, அந்த வழி. ஒருவர் சொன்ன பின் இன்னொருவர் சொல்வது. முன்பு இதற்கு ஆமோதித்தல் என்றார்கள்; மகிழ்தல் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது அது. சொல்லவும் இல்லை, மகிழவும் இல்லை. பெயர் மட்டும் பிற்பாடு எழுதப்படும்.

கிழவி என் அருகில் வந்து நின்றாள். "என்னா எழுதியிருக்குது ஐயா?" என்றாள். படித்தேன். "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது."

"அப்படின்னா?"

"தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள் என்று அர்த்தம்."

"யாரு பேசினது? நான்தானே பேசினேன். எம் பேரு இருக்குதா?"

இல்லை என்றேன். "சரி, என்னா தீர்மானம் போட்டாங்க?" என்றாள். தீர்மானம் இன்னும் போடவில்லை, விவாதிக்கப்பட்டதோடு சரி என்று செயலர் சொன்னார். "தீர்மானம் போட்டாத்தானே தீரும்? போடலேன்னா எப்படித் தீரும்?" என்று அவள் கேட்டாள்.

தீர்மானம் வடசொல், முடிபு என்று எழுத வேண்டும் என்று அன்று காலைதான் நண்பர் எனக்கு வகுப்பு எடுத்திருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கிழவி சொன்னதுதான் சரி. தீர் என்ற தமிழ் வேரோடு மானம் என்ற விகுதி சேர்ந்தது அது. வருமானம், பெறுமானம், கட்டுமானம், சேர்மானம், செரிமானம் என்று அந்தக் குடும்பம் பெரிது. தீர்வு, தீர்ப்பு, தீர்வை எல்லாம் அதே வேரின் கிளைகள். பள்ளிக்கூடம் போகாதவள் கைநாட்டு வைக்கிற விரலால் சொல்லின் வேரைத் தொட்டுக் காட்டினாள். நண்பர் அன்று இரவு சாப்பாட்டு வேளை வரை பேசவில்லை.

இனி நான் உண்மையாகச் சண்டைக்கு வருகிற இடத்துக்கு வருகிறேன். என் சண்டை சபையோடும் இல்லை, அவையோடும் இல்லை. 'விவாதிக்கப்பட்டது' என்பதோடு. அந்தப் 'பட்டது' என்ற நான்கெழுத்தோடு.

நடவடிக்கைக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'மினிட்ஸ்' என்கிறார்கள். மணிக்கணக்கைக் குறிக்கிற மினிட்டும் இதுவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சிறியது என்பது பொருள். நாழிகையில் சிறு கூறு ஒன்று, சிறு எழுத்தில் அவசரமாகக் குறித்துக்கொண்டது மற்றொன்று. வெள்ளைக்காரன் அதை எழுதும்போது, செய்தவனை மறைத்துச் செயலை மட்டும் சொல்லும் ஒரு நடையில் எழுதினான். அது அவன் மொழிக்குப் பழக்கம். நாம் அதை அப்படியே பெயர்த்துத் தீர்மானிக்கப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, ஒப்புதல் அளிக்கப்பட்டது என்று எழுதக் கற்றுக்கொண்டோம். யாரால்? ஆண்டவனுக்கே வெளிச்சம். செய்தவன் இல்லாத வாக்கியத்தில் கேட்பதற்கு ஆளும் இல்லை. ஊழலுக்கு இதைவிட வசதியான இலக்கணம் வேறு உண்டா?

தமிழ்நாட்டு ஊர்கள் இப்படி எழுதியவை அல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பாருங்கள். பிராமணர் ஊர்களின் கூட்டத்துக்குச் சபை என்று பெயர். வணிகர் கூட்டத்துக்கு நகரம். பல ஊர் சேர்ந்தது நாடு. மற்ற ஊர்களின் கூட்டத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? ஊர். வேறு பெயரே இல்லை. ஊர் என்றால் வீடுகள் மட்டுமல்ல, கூடி முடிவு செய்கிற ஜனங்கள். "ஊர் கூடிப் பேசினாங்க" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த ஊர்தான். அவர்கள் நிலத்தை விற்றால் 'விற்கப்பட்டது' என்று எழுதமாட்டார்கள். 'ஊரோம் விற்றுக் கொடுத்தோம்' என்பார்கள். சபையோம், நாட்டோம், நகரத்தோம். எழுதின கணக்கனும் ஒளிந்துகொள்வதில்லை. 'இவை என் எழுத்து' என்று கடைசியில் பெயரோடு நிற்பான். உத்தரமேரூரில் 919-லும் 921-லும் வெட்டிய புகழ்பெற்ற கல்வெட்டுக்களைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வாரியங்கள். 360 நாள் வேலை பார்த்துவிட்டு இறங்கவேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரமுடியாது. அவன் உறவினரும் வரமுடியாது. அந்த 'வாரியம்' என்ற சொல்லைத் தோண்டி எடுத்து மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பெயர் வைத்தோம். கணக்குக் காட்டுகிற விதியை மட்டும் கல்லிலேயே விட்டுவிட்டோம்.

பழமை பாடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உத்தரமேரூரில் காணியும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று. பெண் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. 'ஊரோம்' என்று சொன்ன ஊருக்கு வெளியே சேரி என்று ஒன்று இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே ஊர் நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறது. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. அம்பலம் என்பது ஊர்ப் பொது இடம். அங்கே ஏழையின் சொல்லுக்குப் படி கிடையாது என்று ஜனங்களே எழுதிவைத்த கல்வெட்டு அது. இன்று அரசியல் சட்டம் அந்தப் படியைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் கிராம சபை. கிழவியும் சபை, அவள் மருமகளும் சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்களை 2022-ல் ஆறாக்கினார்கள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. நாட்கள் பெருகின. சொற்கள் இறங்கி வரவில்லை.

அந்நியச் சொல் ஜனங்களுக்குப் புரியாது, அதுதான் காரணம் என்பது தூய தமிழ் நண்பர்கள் வாதம். அப்படியானால் இந்த வட்டாரத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. காப்டன் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த மன்றோவும் இங்கேதான் நிலம் அளந்து வரி போட்டுப் பழகினார்கள். வசூல், பாக்கி, கிஸ்தி, ஜப்தி, தாசில், ஜமாபந்தி எல்லாம் பாரசீகத்திலும் அரபியிலும் பிறந்த சொற்கள். இவற்றுள் ஏதாவது ஒன்று அந்தக் கிழவிக்குத் தெரியாதா? கேட்டுப் பாருங்கள். ஜப்தி என்றால் என்ன என்று கண்ணீரோடு விளக்குவாள். ஜமாபந்திக்கு 'வருவாய்த் தீர்வாயம்' என்று பெயரிட்டார்கள். ஆனால் நோட்டீஸில் அதன் பக்கத்திலேயே ஜமாபந்தி என்றும் போட்டால்தான் கூட்டம் வருகிறது. ஏன்? அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிற சொற்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் புரியவைத்தார்கள். அவளுக்குக் கொடுக்கிற சொற்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். லத்தீன் என்பதால் கோரம் புரியாமல் போகவில்லை. புரியவைப்பதில் யாருக்கும் லாபமில்லை என்பதால் புரியாமல் போயிற்று.

ஆங்கிலக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சட்டச் சொற்களை மாற்றினால் சட்டம் குழம்பும்" என்கிறீர்கள். ஒன்றும் குழம்பாது. 'மொத்தம் இருநூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இன்று வந்தவர் எண்பது' என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அதில் எந்தச் சட்டம் குழம்பிவிடும்? குழம்புவது வேறு. நாளைக்கு வேலை நடக்கிற இடத்தில் வாங்கப் போகிற கையெழுத்து.

இதையெல்லாம் மறுநாள் மலைப்படியில் நண்பரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேலே இராம தீர்த்தம் பாறையிலிருந்து விழுகிற இடத்தில் தலையைக் காட்டி நனைந்துவிட்டு வந்து, "சரி, உமக்குக் குறைவெண் வரம்பு பிடிக்கவில்லை. கோரத்துக்கு நீர் என்ன சொல் வைப்பீர்?" என்றார்.

"ஆள் கணக்கு" என்றேன்.

"அது கொச்சை."

"விவாதிக்கப்பட்டது என்பதற்கு?"

"அது பிழையற்ற வாக்கியம். செயப்பாட்டு வினை."

"இன்னார் கேட்டார், இன்னார் பதில் சொல்லவில்லை என்று எழுதினால்?"

"அது கதை" என்றார். "உம்முடைய தொழில் புத்தி போகுமா?"

இறங்கி வந்தோம். அடிவாரத்தில் அந்த அம்மாள் காலித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களுக்காகவே காத்திருந்தவள் போல, "நோய் தீர்ந்துதுங்களா?" என்று கேட்டாள். நண்பர் பதில் சொல்ல வாயெடுத்தார். அரூர் பஸ் வந்துவிட்டது.